லொறியில் வந்த கற்காலம்

கற்பிட்டியின் அந்தக் கரையில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் மணல், அதற்குக் கீழே ஈர மணல். அங்கே கற்காலத் தொழில்களைச் செய்து பழக்கும் முகாம் நடத்தத் தீர்மானித்தவர்கள் முதல் வேலையாகக் கல்லை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கரையோரம் விடுதிகள் முளைத்திருந்தன. பெரிய பட்டத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டு கடல்மேல் ஓடும் வெள்ளைக்காரருக்காகக் கட்டியவை. காற்று விழுந்த மாதங்களில் அறைகள் சும்மா கிடக்கும். அவற்றை நிரப்பத்தான் கற்காலம் வரவழைக்கப்பட்டது. நான் அப்போது பத்திரிகை வேலையை விட்டு மொழிபெயர்ப்பில் பிழைத்துக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்வது என் வேலை.

பயிற்றுநர் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய கொழும்பு மனிதர். வெறுங்காலோடு நடப்பார், பாதங்களுக்கு வெயில் தடுக்கும் கிறீம் பூசியிருப்பார். பயில வந்தவர்கள் வங்கி, காப்புறுதி, விளம்பரக் கம்பனி ஆட்கள். ஆதிமனிதனுக்குக் கதிரை இருக்கவில்லை என்று முதல்நாள் காலை கதிரைகளை அகற்றினார்கள். மத்தியானத்துக்குள் முதுகுவலிக்காரருக்காக இரண்டொன்று திரும்பி வந்தன. அதன்பின் எல்லோருக்கும் முதுகு வலித்தது. தடியைக் கடைந்து தீ மூட்டும் பாடத்தில் புகை வந்தது. தீ, விடுதிச் சமையற்காரரின் லைட்டரிலிருந்து வந்தது.

பயிற்றுநர் ஒரு விதியை மட்டும் ஓயாமல் சொன்னார். கல் உடைக்கும்போது கீழே தறப்பாள் விரிக்க வேண்டும். விழும் சில்லுகளில் ஒன்று விடாமல் பொறுக்கித் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் ஆய்வாளர் நம்முடைய குப்பையை ஆதிமனிதனின் குப்பை என்று நம்பி ஏமாறுவார். நல்ல விதி. அதைச் சொல்லிவிட்டு, கடைசி நாள் முடியுமுன்பே அவர் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார்.

சில்லு பொறுக்க யாருக்கும் மனம் இல்லை. புதைத்துவிடலாம் என்றார்கள். புல்தரையில் குழி தோண்ட விடுதி முகாமையாளர் விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓலைக் கொட்டிலும் களமுமாக ஒரு கருவாட்டு வாடி. அதை நடத்திய பெண்ணைக் கரையில் எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார்கள். மீன் காயப்போடும் களத்தின் ஓரத்தில் தோண்டலாமா என்று அவரிடம் கேட்டேன்.

“தோண்டுங்க. மூடிட்டுப் போங்க. காலுல குத்தாம ஈந்தாச் சரி.”

கல் சில்லு, சிப்பி ஓடு, கரி, சுட்டுத் தின்ற கோழி எலும்பு எல்லாம் அந்தக் குழிக்குள் போயின. முன்னின்று கொட்டியவர்களில் வெள்ளவத்தையிலிருந்து வந்த காப்புறுதி அதிகாரி ஒருவர். ஓய்வுபெறும் வயது. முகாம் முழுவதும் கல்லோடு போராடி ஒரேயொரு கூர்முனை செய்திருந்தார். அதைப் பயிற்றுநரிடம் நீட்டியபோது, உங்கள் கைக்கு இது வராது என்று பதில் கிடைத்தது. அதையும் குழியில் எறிந்தார்.

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தன் மாதங்களில் அடித்து மணலை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வருடம் அதே பயிற்றுநர், இரண்டாவது முகாம். காப்புறுதி அதிகாரியும் மறுபடி வந்திருந்தார். காலை உலா போன சிலர் வேலிக்கு அப்பால் கரியும் சிப்பியும் கல் சில்லும் கலந்த ஒரு மண்படையைக் கண்டு கத்தினார்கள். பயிற்றுநர் ஓடிவந்து முழந்தாளில் விழுந்தார். பல்லாயிரம் வருடம் என்றார். அரைமணி நேரத்தில் ராத்தாவின் களம் முழுவதும் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள்.

ராத்தாவிடம் அன்று சூடை மீன் நிறைய. உப்பில் கிடந்ததைக் கடலில் கழுவிக் கூடைகளில் வைத்திருந்தார். கழுவிய மீன் உடனே வெயிலுக்குப் போக வேண்டும். கூடையிலேயே கிடந்தால் பின்னேரத்துக்குள் நாறிவிடும்.

“அண்ணன், இவங்க என்ன, என்ட களத்துல கபுருக் குழி தோண்டுறாங்களா?”

“பழங்காலத்து ஆக்கள் இருந்த இடமாம், ராத்தா.”

“போன வருசம் இவங்கதானே தோண்டினாங்க? நீங்களும் நிண்டீங்களே!”

“நிண்டனான்.”

“அப்ப சொல்லுங்களேன். வாய வாடகைக்குக் குடுத்துட்டீங்களா?”

சொன்னேன். ஊர்க்காரர்கள் காலத்தைக் குழப்பிக்கொள்வது வழக்கம் என்றார் பயிற்றுநர். நானும் கண்டேன் என்றேன். கண்ணால் கண்டது விஞ்ஞானத்தில் பலவீனமான சான்று என்றார். விதி சொல்லப்பட்டது, ஆகவே பின்பற்றப்பட்டது. அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு நாளைக்குக் களத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று மொழிபெயர்க்கச் சொன்னார்.

“ரெண்டு நாளா?” என்றார் ராத்தா. “மீன்ட்டயும் சொல்லுங்க, ரெண்டு நாளைக்கு நாறாம ஈக்கச் சொல்லி.”

அப்போது பயிற்றுநர் மணலிலிருந்து ஒரு கூர்முனையை எடுத்து வெயிலில் பிடித்தார். வெள்ளைக் கல், நடுவே இளஞ்சிவப்பு வரி. இந்தக் கை எங்கும் தயங்கவில்லை, இதைச் செய்தவன் சிறுவயதிலிருந்து இதையே செய்து வாழ்ந்தவன் என்றார். எல்லோரும் நெருங்கி வந்தார்கள். காப்புறுதி அதிகாரி மட்டும் நின்ற இடத்தில் நின்றார்.

உண்மையைச் சொல்வதா என்று தவிக்கும் முகங்களைப் பத்திரிகைக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த வகை முகம் அல்ல. லொத்தர்ச் சீட்டில் தன் இலக்கம் விழுந்ததைக் கண்டவனின் முகம்.

“சேர், மன்னிக்கோணும். அது என்ரை.”

“எது?”

“அந்தக் கல். போன வருசம் நான் செய்தது. என்ரை கைக்கு வராது எண்டு சொன்னீங்கள்.”

தொலைபேசியை எடுத்துக் காட்டினார். திரையிலேயே அந்தப் படத்தைத்தான் வைத்திருந்தார்: உள்ளங்கையில் கூர்முனை, அதே இளஞ்சிவப்பு வரி, பக்கத்து விரலில் பிளாஸ்டர்.

“அப்ப அந்தக் கற்கால மனுசன் நீங்கதானா, அங்கிள்?” என்று விளம்பரக் கம்பனிப் பெண் கேட்டாள். சிரிப்பு எழுந்தது.

பயிற்றுநர் படத்தையும் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, இதுவும் அரிய பெறுபேறுதான், குப்பை எவ்வளவு விரைவில் தொல்படையாக மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று கிடைக்காது, கயிறு அப்படியே இருக்கட்டும் என்றார். அதிகாரிக்குக் கயிற்றில் அக்கறை இல்லை. தயங்காத கை என்று சொன்னது இன்னும் செல்லுமா என்று கேட்டார். பழமை என்று நம்பிச் சொன்னது வேறு என்றார் பயிற்றுநர். கல் அதே கல்தானே என்றார் அதிகாரி. இருவரும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள்; எனக்கு வேலை இல்லாமல் போனது.

தீர்ப்பு வரும்வரை ராத்தா காத்திருக்கவில்லை. அவரும் வாடியில் கூட வேலைசெய்யும் மதினியும் முளைகளைப் பிடுங்கி ஒருபக்கம் போட்டுவிட்டு வலையை விரித்துச் சூடையைப் பரப்பத் தொடங்கியிருந்தார்கள். பயிற்றுநர் திரும்பியபோது தொல்படையின் பாதி மீனுக்குக் கீழே போயிருந்தது. இது ஆய்வுக்குரிய இடம் என்று சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

“கேட்டுட்டேன்னு சொல்லுங்க.” ராத்தா நிமிரவில்லை.

பயிற்றுநர் பிடுங்கிப் போட்ட முளைகளைப் பொறுக்கத் தொடங்கினார். பயில வந்தவர்களுக்கு வேறொன்று தோன்றியது. கருவாடு போடுவதைப் படம் எடுக்கலாமா, இதுவும் பழைய முறைதானே என்று கேட்கச் சொன்னார்கள்.

“மொகம் விழாம எடுக்கச் சொல்லுங்க. மீன் பரத்த ரெண்டு கை வந்தா இன்னும் நல்லம்.”

மூன்று மொழிகளிலும் சொன்னேன். படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் போனார்கள். கடைசிக் கூடைக்கு ராத்தா வந்துசேர்ந்தபோது அடியில் கிடந்த மீன் வயிறு வெடித்திருந்தது. அதைத் தனியாக அள்ளிக் கடலோரத்தில் கொட்டிவிட்டு, கூடையைக் கழுவிக் கவிழ்த்தார்.