தண்ணீரையும் உண்மையையும் அளந்து கொடுத்தேன்

நான் நர்ஸாகப் போகிற வீடுகளில் யாரும் குணமாவதில்லை. சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று மூன்று நான்கு வியாதிகள் சேர்ந்து, இனி செய்வதற்கொன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் டெல்லியில் என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

முக்கால் லிட்டர்

கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் மகளோடு இருந்தார் ராமமூர்த்தி சார். இதயமும் சிறுநீரகமும் பழுது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஜூன் மாத வெயிலில், இன்னும் ஒரு வாய் என்று கையை நீட்டுவார். நான் அளவுத் தம்ளரைக் காட்டி, சாயங்காலம் தருகிறேன் என்பேன். மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் கட்டுப்பாடு வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார். ஓடிப்போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தேன். சார் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார்.

"இப்போ தாகமே இல்லம்மா."

மூன்று ஃபைல்

செல்விக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். பங்களாக்களில் பாத்திரம் தேய்ப்பவள்; அதில் ஒரு வீட்டம்மாதான் எனக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பினார். அவள் புருஷனுக்குச் சர்க்கரை, நுரையீரல், ஈரல் என்று மூன்று டாக்டர், மூன்று ஃபைல். ஒவ்வொருவரும் அவரவர் பார்த்த உறுப்பைப் பற்றித்தான் பேசினார்கள். ஆள் பிழைக்கமாட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. தேறிடுவாரா என்று அவள் வாராவாரம் என்னைக் கேட்பாள். பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

அதை நம்பி, அவருக்குச் சத்தாக ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமென்று, இன்னும் இரண்டு வீட்டில் வேலை பிடித்தாள். அவர் உயிர் போனபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். போன் செய்தேன். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"போயிடுவாருன்னு சொல்லியிருந்தா, வூட்டுலயே உக்காந்திருப்பேனே சிஸ்டர்."

அப்பாவும் மகனும்

அதற்குப் பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். அடுத்து வந்தவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற வேலூர்க்காரர். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். தனக்கு எப்போதோ தெரியும், மகன் தாங்கமாட்டான், அவனிடம் மட்டும் சொல்லாதே என்றார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த அந்த மகனோ லிஃப்ட் வரை வந்து, டாக்டர் தன்னிடம் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான். நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் அப்பாவும் மகனும் கிரிக்கெட் ஸ்கோரையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்தபின், அப்பாவும் இதையேதான் கேட்டுக்கொண்டார் என்று மகனிடம் சொன்னேன்.

"அச்சா... அப்போ நாங்க ரெண்டு பேரும் யாருக்காக நடிச்சோம், சிஸ்டர்?"

இத்தனை வருஷத்தில் ஒரு வேளை மருந்தைக்கூட நான் தாமதமாகக் கொடுத்ததில்லை, மற்றதெல்லாம்தான் தாமதம்.