அத்தைக்கு மிஞ்சிய சொல்

எல்லம்மாவை ஊரில் வாயாடி என்றுதான் சொல்வார்கள். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி, கப்பல் கப்பலாகத் துணி அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஏரிக்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வலைக்காரர்களுக்காவது ஏரியில் பாடு என்று முறைவைத்த இடம் உண்டு. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற எல்லம்மா போன்றவர்களுக்கு ஏச்சுதான். "எங்க பாட்டுல இன்னாடி துழாவுற? எழுந்து போடி!" என்று தோணியில் இருந்தபடி கத்துவார்கள். பதில் சொல்ல வழியில்லை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். இறால் போடுகிற ஓலைப்பறியின் கயிறு பல்லுக்கிடையில் இருக்கும். வாயைத் திறந்தால் பறி மிதந்து போய்விடும். எனவே ஏரியில் விழுங்கியதை எல்லாம் வீட்டுக்கு வந்துதான் கக்குவாள்.

கக்குவதற்கு மாமியார் அங்காளம்மா இருந்தாள். அவளும் அதே சேற்றில், அதே கயிற்றைக் கடித்து வயதானவள்தான், சளைத்தவள் இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, யார் பக்கமும் பேசாமல் சிரித்தே காலத்தை ஓட்டியவன் வேலு. அவளுக்கு ஒரே மகன், இவளுக்குப் புருஷன்.

அந்த ஐப்பசியில் கப்பலுக்கு மூட்டை ஏற்றிப்போகும் தோணியில் வேலுவுக்குக் கூலிவேலை கிடைத்தது. அலை சரியில்லை, நாளைக்குப் போகிறேன் என்றான். உட்கார்ந்து கூழ் குடிக்க வெட்கமாக இல்லையா என்று எல்லம்மாதான் விரட்டினாள். முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்தது. உடல் கரையில் ஒதுங்கியபோது அங்காளம்மா மகனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள். "நாசமாப் போ" என்றாள். சொன்ன இடத்திலேயே விழுந்தாள்.

வாதம் வலது கையையும் காலையும் கொண்டுபோனது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கண் விழித்தபோது பேச்சும் போயிருந்தது, அந்த ஒரு சொல்லைத் தவிர. கடவுளுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா? மகன் பெயரை விட்டுவைத்திருக்கலாம். தண்ணீர் என்ற சொல்லை விட்டுவைத்திருக்கலாம். கிழவிக்கு மிஞ்சியது "நாசமாப் போ"தான். தாகம் என்றால் நாசமாப் போ. பசி என்றால் நாசமாப் போ. மூத்திரம் வந்தாலும் அதுதான்.

எல்லம்மா முதலில் சும்மா இருக்கவில்லை. "நீ போ! நீ நாசமாப் போ! அவன் போனப்பவே நீயும் போயிருக்கணும்!" என்று கத்திக்கொண்டே பீத்துணியை மாற்றினாள். கத்திக்கொண்டே முதுகைத் துடைத்தாள். விரட்டியது தன் வாய்தான் என்று அவளுக்கே தெரியும். அதைத் தினமும் ஒருத்தி எடுத்துச் சொன்னால் உடம்பெல்லாம் பற்றி எரியாதா?

நாள் போகப்போக அந்த ஏச்சு அவளுக்குப் பாஷையாகிவிட்டது. வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் முதுகில் அரிப்பு. விடாமல் சொன்னால் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைக்க வேண்டும். புரிந்துகொண்டாளே, மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எரிச்சல் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஊருக்கு அந்தப் பாஷை புரியவில்லை. விடிகிற நேரத்தில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் அந்தக் குடிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். கிழவிக்குத் தாகம் எடுப்பதும் அப்போதுதான். உள்ளேயிருந்து "நாசமாப் போ!" என்று குரல் வந்தால் எந்த வலைக்காரன் சும்மா போவான்? பாதிப் பேர் சுற்றிப் போனார்கள். வலை வெறுமையாக வந்த ஒருநாள் துளசிங்கம் நான்கு பேரோடு வாசலுக்கு வந்தான். ஏரியில் எல்லம்மாவை அதிகம் விரட்டியவனும் அவன்தான்.

"தொழிலுக்குப் போறவனப் பாத்து இப்டி சொன்னா வெளங்குமா? கெழவிய அந்தாண்ட மணல்மேட்டுல கொண்டுபோயி வையி."

"யோவ், அது தண்ணி கேக்குதுய்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். "நீ வெக்கிறியா, நாங்க வெக்கட்டுமா?" என்றான் துளசிங்கம். மணல்மேட்டில் நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. அங்கே வைத்தால் கிழவி எத்தனை நாள் தாங்குவாள் என்று அவனுக்கும் தெரியும்.

இந்தச் சேதி எப்படியோ எல்லம்மா பிறந்த ஊரான பசியாவரத்துக்குப் போய், அவள் அண்ணன் முனியன் தோணியோடு வந்து நின்றான். நல்லவன்தான், நல்ல மனசுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"துணிய எடுத்துக்கினு கெளம்பு, தங்கச்சி. நம்ம வூட்ல உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க."

"கெழவி?"

"அது உன்ன என்னிக்காவது மனுசியா பாத்துச்சா? வுட்டுட்டு வா. ஊர்க்காரனுங்க பாத்துக்குவானுங்க."

ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நெஞ்சில் ஒரு பக்கம் அப்பாடா என்று இருந்தது, அதுதான் நிஜம். இருந்த இரண்டு சேலையை மூட்டையாகக் கட்டினாள். கடைசியாக ஒருவேளை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கூழைக் கரைத்து, உப்புப் போட்டு அவித்த இறாலைச் சட்டியோடு கிழவியின் முன்னால் வைத்தாள். பெரிய இறாலெல்லாம் கோட்டைச் சமையலுக்குப் போய்விடும், மிஞ்சியது பொடிசுதான்.

"துன்னு. இனிமே உன்னோட என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள்.

சட்டி நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கிழவி கூழைத் தொடவில்லை. இடது கையால் ஒரு இறாலை எடுத்து, தலையைப் பல்லால் கடித்துத் துப்பி, ஓட்டைப் பெருவிரல் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். இழுத்த வாயிலிருந்து எச்சில் வழிந்தது. பாதி நசுங்கிப்போன அந்தச் சதையைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையை எல்லம்மாவின் பக்கம் நீட்டினாள்.

"நாசமாப் போ."

வெடுக்கென்று இல்லை, இழுப்பும் இல்லை. எல்லம்மா இதுவரை கேட்காத தொனி. பிறந்ததிலிருந்து எவ்வளவு இறால் பிடித்திருப்பாள்! அவளுக்கென்று ஒருவர் உரித்துக் கொடுத்ததில்லை. பெற்றவளும் இல்லை, சிரித்துக்கொண்டே இருந்த வேலுவும் இல்லை. அவன் போனபிறகு, தான் ஏன் ஒவ்வொரு விடியலிலும் எழுந்தோம் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சண்டை போட ஒருத்தி காத்திருந்தாள், அதனால் எழுந்தாள். பசியாவரத்தில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மூலையில் உட்கார வைத்து, சோறு போட்டு, சும்மா விட்டுவிடுவார்கள். நினைக்கவே குளிர் எடுத்தது.

குனிந்து, கிழவியின் விரலிலிருந்து வாயாலேயே வாங்கிக்கொண்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல்.

முனியன் வாசலில் தலையை நீட்டினான். "இன்னாம்மே இவ்ளோ நேரம்? கெளம்பு!"

"நீ போண்ணா. நான் வரல."

"பைத்தியமா உனக்கு? இப்பக்கூட என் காதால கேட்டேன், நாசமாப் போன்னு திட்டுது!"

எல்லம்மாவின் வாயில் இறால் இருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"திட்டலண்ணா. துன்னச் சொல்லுது."