என் அழுகையைப் பார்க்க வந்தவர்கள்

பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டுக்குத் திரும்பிய பிறகு எனக்கு அடிக்கடி அழுகை வந்தது. காரணமே வேண்டியதில்லை. காலிங் பெல் அடித்தால் போதும், டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால் போதும். வாய் கோணி, மூக்கு ஒழுக அழுவேன். வலது கை விளங்காததால் துடைத்துக்கொள்ளவும் முடியாது.

பார்க்க வந்தவர்களுக்கு அது நல்ல விருந்து. தங்கள் ஆறுதல்தான் என்னை உருக்கிவிட்டது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். காட்டூரிலிருந்து வாராவாரம் வந்த நாத்தனார், நான் அழத் தொடங்கும்வரை கிளம்பமாட்டாள். தொடங்கியதும் அவள் முகத்தில் ஒரு திருப்தி வரும்.

"அழுது தீர்த்துடுங்கோ மன்னி. பெருமாள் பார்த்துப்பார்."

பிறகு, நான் அங்கே இல்லாதது போல என் கணவரிடம் சொல்வாள்: "மன்னிக்கு மனசு விட்டுப்போச்சுண்ணா. இனிமே இவ்வளவுதான்."

நான் காபி கேட்க வாயெடுத்தால் "கா... கா..." என்று வார்த்தை குழறும். "காவேரிக்குப் போகணுமாம், பாவம்" என்று அவளே முடித்துவைப்பாள்.

அவள் பேச்சை அவர் நம்பினார். எனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர்மேலும் எனக்கு இளக்காரம்தான் வந்தது.

நரம்பு டாக்டர் எங்களைத் தில்லைநகரில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். சின்னப் பெண். இவளும் உபதேசம்தான் பண்ணப்போகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேயும் அழுகை வந்து தொலைத்தது. அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அழுகை நின்றதும் என்னிடமே கேட்டாள்.

"அழுதப்போ வருத்தமா இருந்துச்சாம்மா?"

"இல்ல... எரிச்சலா... இருந்தது."

அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

அவள் என் கணவர் பக்கம் திரும்பினாள். "சார், மூளையில ஏற்பட்ட பாதிப்பால சிலருக்கு இப்படி ஆகும். மனசுல துக்கம் இல்லாமலே அழுகை வரும். டாக்டர் மருந்து தருவாரு. அம்மா அழும்போது ஆறுதல் சொல்லாதீங்க, பேசிட்டிருந்ததையே பேசுங்க." சற்று நிறுத்திக் கேட்டாள்: "நீங்க எப்படி இருக்கீங்க?"

அவர் உடைந்துபோனார். "இவ ஏதாவது பண்ணிண்டுடுவாளோன்னு கண்ணை மூடவே பயமா இருக்கும்மா."

அவர் போட்ட பூட்டைப் பார்த்து இளக்காரமாக நினைத்த எனக்கு, அந்தப் பயம் அதுவரை தெரியவில்லை. இடது கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் பெருமாளை அழைக்கத் தொடங்கியதும் அவர் குறுக்கிட்டார். "அது வியாதிம்மா, துக்கம் இல்லை. நீ ஊர்க்கதையைச் சொல்லு."

"பைத்தியக்கார டாக்டர்கிட்டப் போனா இப்படித்தான் பேசத் தோணும்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உறையூர் சொந்தக்காரர்கள் வரை எனக்கு மூளை கலங்கிவிட்டதாகச் சொல்லிவைத்தாள். அழுகையை ரசிக்க வந்த கூட்டம், பைத்தியம் என்றதும் பயந்து வருவதை நிறுத்திவிட்டது.

மருந்தில் அழுகை மெல்லக் குறைந்தது. ஆலோசகரிடம் இருவரும் தொடர்ந்து போனோம். கண்ணை மூடவே பயந்த என் கணவர், மத்தியானங்களில் சோபாவிலேயே குறட்டை விட்டுத் தூங்க ஆரம்பித்தார்.