நான் முளைக்க வைத்த கடல்புல்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஒரு அச்சகத்தில் படங்களைத் திருத்துவது என் வேலை. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சாமி முகத்தில் புள்ளி தெரியக் கூடாது, வயல் வாடியிருக்கக் கூடாது, சிரிக்கிற குழந்தையின் பல்லில் கறை இருக்கக் கூடாது. முதலாளி என் பின்னால் வந்து நின்று, "பச்சை செத்துக் கெடக்கு, தூக்கிவிடுங்க" என்பார். தூக்கிவிடுவேன். இத்தனை வருடத்தில், மங்கலாக எதைப் பார்த்தாலும் என் கை தானாக எலிப்பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டது. எலிப்பெட்டி என்பது நாங்கள் மவுசுக்கு வைத்த பெயர்.

பெரியம்மா மகளை ராமநாதபுரம் கடலோரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் நண்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிறவர். கரையோரம் தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி நண்டு பிடிக்கும் பெண்கள் எல்லாம் அக்காவிடம்தான் கொண்டுவந்து போடுவார்கள். போன வருடம் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஏலே, எனக்கு ஒரு போஸ்டர் அடிச்சுத் தரணும். கடல்புல்லு பத்தி."

"பாசியா, அக்கா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பாசிக்கு ஏதுலே வேரு? இது நெசப் புல்லு. வேரு இருக்கு, பூக்கும். நண்டுக் குஞ்சு, கணவாய் முட்டை எல்லாம் இதுக்குள்ளதான் ஒளிஞ்சு கெடக்கு. இது போச்சுன்னா இங்கன பொம்பளைக அம்புட்டுப் பேரும் வெறுங்கூடையோடதான் வரணும்."

விஷயம் இதுதான். இன்ஜின் வைத்த படகுகள் குறுக்கு வழியாகப் புல்லின் மேலேயே போகின்றன. தண்ணீர் குறைந்த நேரத்தில் இன்ஜின் விசிறி சேற்றைக் கிழித்து வேரை அறுத்துவிடுகிறது. கொஞ்சம் சுற்றிப் போனால் போதும். அதற்கு ஊர்க்கூட்டம் சம்மதித்துக் கடலில் கம்பு நட்டு வழி குறிக்க வேண்டும். படகிலிருந்து பார்த்தால் கலங்கலில் கிழிசல் தெரியாது. யாரோ கல்லூரி மாணவர்கள் டிரோனில் எடுத்த இரண்டு படங்கள் அக்காவிடம் இருந்தன. ஒன்றில் முழுப் புல்வெளி. இன்னொன்றில் அதே இடம், கோடு கோடாகக் கிழிந்து. பக்கத்துப் பக்கத்தில் போட்டுத் தரச் சொன்னாள்.

அன்றைக்கு என் மேஜையில் ஒன்பது காலண்டர் வேலைகள் காத்திருந்தன. அச்சு பிளேட் போடக் கொடுக்கிற அவசரத்தில் படங்களைத் திறந்தேன். ஒன்று நன்றாக இருந்தது. மற்றொன்று அழுக்காக, கீறல் கீறலாக இருந்தது. நல்ல இடத்துப் புல்லை எடுத்து எடுத்துக் கீறல்களின் மேல் ஒட்டினேன். பச்சையைத் தூக்கிவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நம் அக்கா வேலைதானே என்று சரிபார்க்கப் புரூஃப்கூட அனுப்பாமல் நானே ஓகே போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொன்ன ஒரு வார்த்தையும் அப்போது என் மண்டையில் இல்லை. அழகாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

கூட்டத்தன்று காலையில் போஸ்டர் கட்டை நானே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் பஸ் பஞ்சராகி, போய்ச் சேரும்போது கூட்டம் ஆரம்பித்திருந்தது. அக்கா பேசிக்கொண்டே கட்டைப் பிரித்து, பார்க்காமலே ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"ரெண்டாவது படத்தைப் பாருங்க. எம்புட்டுக் கிழிஞ்சு கெடக்குன்னு பாருங்க."

படகுக்காரர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுங் கிழியலையேம்மா. முன்னைக்கு இப்ப நல்லால்ல இருக்கு?"

அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவசரமாகப் போனில் இருந்த அசல் படத்தைக் காட்டினாள். போன் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து, "தப்பு என்னுது. அசல்ல கோடு இருந்துச்சு. நான்தான் கம்ப்யூட்டர்ல புல்லை ஒட்டி மறைச்சிட்டேன்" என்றேன். உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்தப் படகுக்காரர் கோபப்படவில்லை. அமைதியாகத்தான் கேட்டார். "இம்புட்டுப் புல்லை முளைக்க வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, நாலு கோடு இழுக்கத் தெரியாதா தம்பி? ரெண்டுல எது நெசம்னு நாங்க எப்படி நம்புறது?"

கூட்டம் சிரித்தது. சுற்றிப் போக மனமில்லாதவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதை நானே நாலு கலரில் அச்சடித்துச் சுமந்து வந்து கொடுத்திருந்தேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கூட்டம் கலைந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நண்டுக்காரப் பெண்கள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனார்கள்.

மத்தியானம் தண்ணீர் வற்றியது. அக்கா என்னோடு பேசவில்லை, ஆனால் கடலுக்கு இறங்கியபோது பின்னால் வராதே என்றும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே தண்ணீர். புல் கால்களைத் தடவிக்கொண்டே வந்தது, திடீரென்று நின்றுவிட்டது. அடுத்த அடி வெறும் சேற்றில் புதைந்தது. குனிந்து தடவினேன். ஆள் படுக்கிற அகலத்துக்குப் பள்ளம், ஓரத்தில் அறுந்த வேர்கள். அது எவ்வளவு தூரம் போகிறது என்று கண்ணுக்கு எட்டவில்லை.

வேரோடு மிதந்த ஒரு கொத்தை எடுத்துச் சேற்றில் அழுத்தி நட்டேன். அடுத்த அலை அதைத் தூக்கிக்கொண்டு போனது. ஓடிப் பிடித்து மறுபடி நட்டேன். அதுவும் போனது. மூன்றாவது முறை அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுலே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் இன்ஜின் சத்தம் கேட்டது. ஒரு படகு புல்லின் மேலேயே நேராக வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். நிறுத்துங்கள் என்று கத்தினேன். படகில் இருந்தவர் சிரித்தபடி எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.