டாக்டர் ரெஜினா கேட்ட இரண்டாவது பரிசோதனை

டாக்டர் ரெஜினா காலமான செய்தியை என் அப்பாதான் கொண்டுவந்தார். டீ குடிக்கப் போனவர் உடனே திரும்பி வந்து, "டாக்டரம்மா பூட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

டாக்டர் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஆஸ்பத்திரியில் உடம்பின் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வது அவர் வேலை. ஊசி போடமாட்டார், மருந்து எழுதமாட்டார். அதனால் அவரால் பிழைத்த பலருக்கு அவர் முகமே தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லிக்கு அடங்கவில்லை. பித்தநீர்க் குழாயில் அடைப்பு என்றார்கள். வாய்வழியே குழாய் விட்டு, அடைத்த இடத்தைச் சின்ன பிரஷ்ஷால் உரசி, ஒட்டி வந்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்பை விட்டுவிட்டு நான் வார்டில் துணைக்கு இருந்தேன்.

புற்றுநோய் செல் காணப்படவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் டாக்டர் தாமே வார்டுக்கு வந்து, மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லன்னு நீங்கதான எயுதினீங்க? தொண்ட புண்ணாயி கஞ்சிகூட எறங்காம கெடக்குது இந்த மனுசன்."

"பிரஷ்ஷு பட்ட எடத்துல இல்லன்னு எயுதினேம்மா. படாத எடத்துக்கு நான் எப்டி சொல்றது?" என்றார் டாக்டர், எங்கள் தெருப் பேச்சிலேயே. "செல்லெல்லாம் தேன்கூடு மாதிரி ஒழுங்காத்தான் கீது. ஒரு ஓரத்துல மட்டும் கலஞ்சி கீது. பித்தக் கல்லு உரசினாலும் அப்டி ஆவும், கேன்சர்னாலும் ஆவும். எதுன்னு தெரியாம அனுப்ப எனக்கு மனசு வர்ல."

"நாங்க வூட்டுக்கு இட்டுனு போறோம்."

கட்டிலிலிருந்து அப்பா சொன்னார்: "ஏம்மே, என் வாயில கொயா வுட அவங்களுக்கு இன்னா ஆசையா? எடுக்கட்டும் வுடு."

இரண்டாவது தடவை டாக்டரே பக்கத்தில் நின்று, வந்ததைக் கண்ணாடித் துண்டில் பூசி, காய்ந்து செல் கெடுவதற்குள் மருந்தில் முக்கினார். அதில் புற்றுநோய் தெரிந்தது. அழுத அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கேன்ல எங்கியும் பரவலம்மா. வெட்டி எடுத்துர்லாம்" என்றார். அப்படியே ஆயிற்று. முதல் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போயிருந்தால் ஆபரேஷனுக்கே வழி இருந்திருக்காது என்று அறுவை சிகிச்சை டாக்டர் பிறகு சொன்னார்.

உடம்பு தேறி நன்றி சொல்லப் போனபோது டாக்டர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "நான் மஞ்சளாத்தான பாத்தேன். இன்னாபா, இவ்ளோ கறுப்பா நீ?" அப்பா வேலை செய்யும் ஹார்பரில் அவர் இதைச் சொல்லிக் காட்டாத ஆளில்லை.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க அப்பா முன்னால் போனார். "வவுத்துல தையல் போட்ட ஒடம்புய்யா" என்று அம்மா தடுத்தார். அப்பா கேட்கவில்லை. கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றவும் இல்லை.

அமைதியாக உறங்குங்கள், டாக்டரம்மா. உங்களைச் சுமந்தவர் இன்று காலையும் வேலைக்குப் போயிருக்கிறார்.