மூத்தாளுக்குத் தனி இலை

எழுதிப் பழகாத கை இது. அல்சூர் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு நாலு கடுதாசி எழுதியிருப்பேன், அவ்வளவுதான். வரி கோணலாகப் போனாலும், முன்னே நடந்ததைப் பின்னே சொன்னாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆட்களின் முகம் எனக்கு மறப்பதில்லை. வருஷம்தான் நினைவில் நிற்பதில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரைக் கேட்பது, எங்கே எழுதிக் கொடுப்பது, எதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒன்றும் தெரியவில்லை. என் மகள் அதைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பாவுக்கு எல்லாம் எப்படிம்மா பண்ணீங்க? எழுதித்தான் வையேன்" என்றாள். அவர் போனபோது அவள் சின்னப் பெண். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் இரண்டாம் தாரம். சுதந்திரம் வந்த மறு வருஷமோ அதற்கு அடுத்ததோ, கழுத்தில் தாலி ஏறி ஜோகுபாளையத்துக்கு வந்தேன். மூத்தாள் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. பூவும் பொட்டுமாகப் போனவள் என்பதால், எங்கள் ஜனங்களின் வழக்கப்படி அவள் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிட்டாள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளுக்குப் படையல். மணைமேல் புதுப்புடவை, பூ, மஞ்சள், வெற்றிலை, கொழுக்கட்டை எல்லாம் வைத்துக் கும்பிட வேண்டும். அப்புறம் அந்தப் புடவையை நான் உடுத்த வேண்டும். அவள் கட்டி அவிழ்த்ததை நான் கட்டுகிறேன் என்று கணக்கு.

என் வீட்டுக்காரர் சிவாஜிநகரில் ஒரு கடையில் கோட்டு தைப்பவர். எனக்குப் புடவை வேண்டுமென்றால், "நீயே போய்ப் பாத்து எடுத்துக்கோ" என்பார். படையல் புடவை என்றால் தாமே போவார். துணியை விரலிடுக்கில் வைத்து நெருடிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்து வருவார். அந்தப் புடவைகள்தான் என்னிடம் இருந்ததிலேயே நல்ல புடவைகள். உடுத்தும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

அவளுடைய படம்கூட வீட்டில் கிடையாது. இருந்திருந்தால் மூக்கிலோ பல்லிலோ ஒரு குறையாவது கண்டுபிடித்திருப்பேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்த மறுநாள், அவளைப் புதைத்த மயானத்துக்கு அவர் போவார். பெண்கள் போகக் கூடாது என்பதால் நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. புங்க மரத்தடியில் என்று மட்டும் தெரியும். போகும்போது சாமந்திச் சரம் வாங்கி, பாதியை நறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, மீதியை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். அவர் தெரு திரும்பியதும் என் சரத்தைக் கையில் வைத்து முழம் போட்டுப் பார்ப்பேன். முழத்துக்கு ஒரு பூவாவது குறைந்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டேன். அவருக்குக் காரணம் தெரியாது.

அவளுடைய அண்ணன் ஒக்கலிபுரத்தில் இருந்தார். ரயில்வேயில் வேலை. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால், "எங்க பாப்பா கை பக்குவம் வேற, தங்கச்சி. உன் கை பக்குவம் வேற" என்பார். எது மேல் என்று சொல்லமாட்டார். அதுதான் எனக்கு ஆகாது.

ஒரு மழைக்காலத்தில், காலை வேளையில், கடையில் உட்கார்ந்திருந்தபடியே என் வீட்டுக்காரருக்கு மார்வலி வந்தது. ஜட்கா வண்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மகளே, முதலில் அந்தச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அது இல்லாமல் மயானத்தில் விடமாட்டார்கள். அப்புறம் கார்ப்பரேஷனில் சாவைப் பதியவும் அதைத்தான் கேட்பார்கள்.

ஒக்கலிபுரத்துக்கு ஆள் போயிற்று. அண்ணன் வந்தார், மாப்பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னார்:

"மாப்ள எங்கிட்ட சொல்லியிருக்காரு. எங்க பாப்பா பக்கத்துலயே அவரையும் வெச்சுடணும். நான் போயி எடத்தப் பாத்துட்டு வரேன்."

எங்கள் ஜனங்களில் இரண்டும் உண்டு. புதைக்கிறவர்கள் புதைப்பார்கள், எரிக்கிறவர்கள் எரிப்பார்கள். பெரும்பாலும் கையில் இருப்பதைப் பொறுத்தது. புதைத்தால் குழி வெட்டக் கூலி, பாடை, பூ, மேளம் இவ்வளவோடு போயிற்று. எரித்தால் இதற்குமேல் விறகு, எருமுட்டை, நெய், மறுநாள் எலும்பு பொறுக்குகிற கூலி, அப்புறம் ஆற்றுக்குப் போகிற செலவு எல்லாம் சேரும். விறகே பாதிப் பணத்தைத் தின்றுவிடும். அதனால் அண்ணன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதாகவே எல்லாரும் நினைத்தார்கள்.

எதிர்வீட்டு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கத்தோலிக்கக்காரி, கணவனை இழந்தவள், வாய் சும்மா இருக்காது. என் காதோடு சொன்னாள்:

"இன்னாடி இது? இத்தினி வருசம் சோறாக்கிப் போட்டது நீ, கடைசியில கொண்டுபோயி அவ பக்கத்துல படுக்க வெக்கிறாங்களா?"

"சும்மா இருக்கா."

"எங்க ஆளுங்கள்ல ஒரே குழியில ஒருத்தர்மேல ஒருத்தரா மூணு பேர வெச்சிருக்கோம். எம் மாமியா, எம் மாமனாரு, எம் புருசன். உசுரோட இருந்தப்ப ஒரே ரூம்ல இருக்க முடியாது அதுங்களால. இப்ப சத்தமே இல்ல. ஆனா சக்களத்தி கூடன்னா... எனக்குன்னா ஆவாதுப்பா."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். வெளியிலிருந்து பார்த்தவர்கள் நான் விம்முகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மயானத்துக்குப் போன அண்ணன் குழி வெட்டுகிறவரையும் கூடவே அழைத்துக்கொண்டு திரும்பினார். "இவரு சொல்றது எனக்கு நம்ப முடியல. நீங்களே கேளுங்க" என்றார்.

குழி வெட்டுகிறவர் வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார்: "மேல கட்டடம் எழுப்பாத மேடுன்னா, வருசம் போனா அதே எடத்துல இன்னொருத்தருக்கு வெட்டுவோம்ங்க. எடம் ஏது? ரூல்ஸே அதான். புங்க மரத்தடியில இப்ப வேற ஆளு."

"எங்க மாப்ள வருசா வருசம் வந்து பூ போட்டாரே?"

"அய்யாவுக்குத் தெரியும்ங்க. அப்பவே சொன்னேன். 'எங்க போனா என்னாப்பா, நான் இங்கதான வெச்சேன்'னாரு. கொஞ்ச நேரம் ஒக்காந்திருப்பாரு, போயிடுவாரு."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை அந்த மண் மேட்டின்மேல்தான் எனக்குப் பொறாமை. அது இல்லையென்று தெரிந்ததும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு, ஒன்றுமில்லை என்று தெரிந்தே, அரைச் சரம் பூவோடு ஒருவர் போய் உட்கார்ந்துவிட்டு வருவார் என்றால், அதை நான் எந்த முழத்தால் அளப்பது?

அண்ணன் விடவில்லை. "அந்த மரத்துக்கிட்டயே வேற எடம் கேட்டு, எழுதிக் குடுத்துப் பணம் கட்டி, மேல செங்கல் வெச்சுக் கட்டிடலாம். கல்லுல மாப்ள பேரையும் பாப்பா பேரையும் போட்டுடுவோம். செலவு என்னோடது" என்றார்.

இரண்டு பேர். ஒரு கல். என் பேர் எங்கே?

ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் நான் பேசினவள் இல்லை. என் கொழுந்தனிடம்கூடக் கதவு மறைவிலிருந்துதான் பேசுவேன். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவர்தான் காரியம் செய்ய வேண்டியவர். அன்றைக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது.

"நெருப்புல வெச்சிடுங்க" என்றேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணன், "தங்கச்சி, செலவு..." என்று இழுத்தார்.

"எஞ் சீட்டுப் பணம் அக்காகிட்ட இருக்கு."

"அது தையல் மிசின் வாங்க வெச்சதுடீ" என்று அக்கா முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பணத்தை எடுத்துவரப் போனாள்.

கொழுந்தன் தலையைக் குனிந்தபடி, "அண்ணி சொன்ன மாதிரியே ஆவட்டும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மழைக்காலத்தில் மயானத்து விறகை நம்ப வேண்டாம் என்று குழி வெட்டுகிறவரே சொன்னார். சிவாஜிநகர் மண்டியிலிருந்து சவுக்குக் கட்டை வண்டியில் வந்தது. விறகைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த கட்டை கணீரென்று சத்தம் கொடுக்கும், ஈரக்கட்டை சத்தம் கொடுக்காது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதும் ஒரு விதி. தெருமுனை வரைக்கும்தான் நான் போனேன்.

மறுநாள் பால் தெளித்து, எலும்பும் சாம்பலும் புதுக்கலயத்தில் எடுத்து, மஞ்சள் துணியால் வாய் கட்டிக் கொண்டுவந்தார்கள். அதை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரியில் கரைப்பதென்று பேச்சு. அப்போது அண்ணன் என்னிடம் தனியாக வந்தார். "தங்கச்சி, ஒரு கை சாம்பல் குடு. அந்தப் புங்க மரத்தடியில தூவிட்டு வந்துடறேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியுமே அண்ணா" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. புருஷன் போன மூன்றாம் நாள் பெண்பிள்ளை ரயில் ஏறுவது வழக்கமில்லை. நானும் வருவேன் என்றேன். மைசூர் ரயிலில், கொழுந்தன் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், நடுவில் நான். கலயத்தை மடியைவிட்டு இறக்கவில்லை. மத்தூரில் கொழுந்தன் வடை வாங்க இறங்கியபோது, "நான் புடிச்சுக்கறேன், நீ தண்ணி குடி" என்று அண்ணன் கை நீட்டினார். எனக்குத் தாகமில்லை என்று சொல்லிவிட்டேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

படித்துறையில் ஒரு புரோகிதர் அமைந்தார். தர்ப்பை, எள், சாதப் பிண்டம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டே கொழுந்தனைப் பார்த்து, "மொதலே ஹோதவரு யாராத்ரூ இதாரா?" என்று கன்னடத்தில் கேட்டார். இவருக்கு முன்னாலேயே போனவர்கள், பெண்டாட்டி யாராவது, உண்டா என்று அர்த்தம். உண்டென்றால் அவளுக்கும் சேர்த்துப் பிண்டம் வைக்க வேண்டுமாம்.

கொழுந்தன் என்னைப் பார்த்தார். அண்ணன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் வருஷக்கணக்காக அவள் கட்டி அவிழ்த்ததைக் கட்டியவள் நான். அன்றைக்கு என் உடம்பில் இருந்ததும் படையல் புடவைதான். என்னிடம் வேறு நல்ல புடவை ஏது?

"உண்டு" என்றேன். "ஆனா அவளுக்குத் தனி இலையில வைங்க."

புரோகிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கணவன் மனைவிக்கு ஒரே இலைதான் வழக்கம் என்றார். தனி இலை என்றால் தனி மந்திரம், தனி தட்சிணை என்றார். கொடுக்கிறேன் என்றேன். அந்தச் சாவில் எத்தனையோ செலவு செய்தேன். மனம் நோகாமல் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

கலயத்துச் சாம்பலைக் கரைத்தார்கள், பிண்டம் வைத்த இலைகளையும் ஆற்றில் விட்டார்கள். அவருடைய இலையை ஆறு உடனே இழுத்துக்கொண்டது. அவளுடைய இலை ஒரு பாறையில் முட்டி நின்றுவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அதைக் கையால் தள்ளிவிட்டார். சுழலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முன்னால் போன இலையின் பின்னாலேயே போயிற்று. வாய் வரைக்கும் ஏதோ வந்தது. அவர் நனைந்த வேட்டியோடு அழுதுகொண்டே ஏறி வந்ததால் சொல்லவில்லை.

மகளே, எனக்கும் நெருப்புத்தான். அதே படித்துறைதான். இலை ஒன்றே ஒன்று போதும், பக்கத்தில் வேறு இலை வேண்டாம்.

நான் எழுதியதெல்லாம் அந்தக் காலத்து நடப்பு. கூலியும் விதியும் இப்போது மாறியிருக்கும். விறகில்லாமல் மின்சாரத்திலேயே எரிக்கிறார்கள், செலவும் குறைச்சல் என்கிறார்கள். அதில் ஒருவர் சாம்பலோடு இன்னொருவர் சாம்பல் கலக்காமல் கொடுப்பார்களா என்று கேட்டேன். ஒருத்தர் கொடுப்பார்கள் என்கிறார், இன்னொருத்தர் யாருக்குத் தெரியும் என்கிறார். மற்றதில் தப்பிருந்தால் போகட்டும். இதை மட்டும் யாராவது நேரில் போய் விசாரித்துச் சரிபார்த்து வையுங்கள். எவளோ ஒருத்தியோடு என்னைக் கலந்து அனுப்பிவிடாதீர்கள்.