மேலே முடிந்தது, கீழே முடிந்தது

கம்பம் பழசானால் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு நட வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் என்று கேட்பவர்கள், கம்பத்தை ஒரு நாளும் அண்ணாந்து பார்க்காதவர்கள். கம்பம் மின்சாரக் கம்பெனியுடையது. ஆனால் அதில் குடியிருப்பவர்கள் பலர். உச்சியில் மின்சாரக் கம்பி. அதற்குக் கீழே ஓர் ஆள் உயரத்துக்கு யாரும் எதையும் கட்டக் கூடாது. அதற்கும் கீழே கேபிள் டிவிக்காரர்கள், எல்லோருக்கும் அடியில் டெலிபோன் கம்பெனி. ஒருவர் கம்பியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. அதனால் பழைய கம்பத்தை ஒட்டியே புதுக் கம்பத்தை நட்டுவிட்டு, மேலே இருப்பவர் முதலில், கீழே இருப்பவர் கடைசியில் என்று ஒவ்வொருவராக வந்து அவரவர் கம்பியை மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசி ஆள் வந்து போகும் வரை இரண்டு கம்பமும் அக்கம்பக்கத்தில் நிற்கும்.

இந்த வரிசை ஒழுங்காக நடக்கிறதா என்று மின்சாரக் கம்பெனி சார்பில் பார்ப்பதுதான் இந்தக் கதையில் வருகிறவருடைய வேலை. முப்பத்தோரு வருஷமாக அதே வேலை. இழுத்தால் நீளும் கோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கம்பி தரையிலிருந்து எத்தனை அடியில் தொங்குகிறது என்று அளப்பார். அலுவலகத்தில் அவருக்கு ‘அளவுகோல்’ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அதுவும் நீளம் என்று நினைத்தோ என்னவோ, ‘அளவு’ என்று வெட்டிவிட்டார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்திலும், “மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?” என்று கேட்டார்கள். “கம்பம் அளக்கிறாரு” என்று இவருடைய அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார். அதோடு சரி. இப்போது தம்பி குடும்பம் மாடியில், இவர் கீழே. படிக்கட்டு வெளிப்பக்கமாக இருப்பதால் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்பது செருப்புச் சத்தத்தில்தான் தெரியும். தம்பி பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். கரண்ட் போனால் மட்டும் மேலேயிருந்து குரல் வரும்: “பெரியப்பா, எப்ப வரும்?” வந்துவிட்டால் குரல் நின்றுவிடும்.

வேலையிலும் தனிதான். மின்சாரக் கம்பி மாற்றும் கூட்டம் லாரியில் வரும். ஐந்தாறு பேர்; கத்துவார்கள், சிரிப்பார்கள், ஒருவன் டீயை இன்னொருவன் குடித்துவிட்டான் என்று சண்டை போடுவார்கள், மத்தியானத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். இவர் அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் ஒற்றையாகப் போய்ச் சேருவார். அளந்து பார்த்துவிட்டு, புதுக் கம்பத்தில் மார்பு உயரத்தில் சாக்பீஸால் ‘மேலே முடிந்தது’ என்று எழுதித் தேதி போடுவார். அடுத்து வருகிறவர் நம்பி ஏறலாம் என்று அதற்கு அர்த்தம். டெலிபோன் ஆள் வந்து தன் வேலையை முடித்தால், அதன் கீழே ‘கீழே முடிந்தது’ என்று எழுதுவார். பழைய கம்பத்தைப் பிடுங்கலாம்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பத்தில் வழக்கமான வரியோடு இவர் கூடுதலாக ஒன்று எழுதினார்: ‘அடியில் எறும்பு. கவனம்.’ ஏன் எழுதினார் என்று அவருக்கே தெரியாது. நான்கு நாள் கழித்துச் சரிபார்க்கப் போனபோது அதற்குக் கீழே பதில் இருந்தது: ‘கடித்துவிட்டது. இருந்தாலும் நன்றி.’

இவர் அந்தக் கம்பத்தடியில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டார். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். ‘எதிர் வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது’ என்று இவர் எழுதினால், ‘உங்களைக் கடிக்காது. என்னைக் கடித்தது’ என்று அங்கிருந்து வரும். ‘குளவிக்கூடு, தெற்குப் பக்கம் ஏறாதீர்கள்’ என்றால், ‘பிழைத்தேன்’ என்று வரும். ஒரு முறை காய்ச்சலில் பத்து நாள் லீவு போட்டுத் திரும்பியபோது, ஒரு கம்பத்தில் ‘எழுத்தைக் காணோமே, சௌக்கியமா?’ என்று இருந்தது. அந்த வருஷம் முழுக்க அவரை அப்படிக் கேட்ட ஒரே எழுத்து அதுதான். மழை வந்து அழிக்கும் வரை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தெரு வழியாகவே வீட்டுக்குப் போனார்.

அந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை. ஒருவர் வேலை முடிந்த பிறகுதான் இன்னொருவர் வர முடியும் என்பதே விதி. ஆனால் கை தெரியும். கட்டுக்கம்பியின் நுனியை வெளியே நீட்டி விடாமல், அடுத்து ஏறுகிறவன் கையைக் கிழிக்காதபடி உள்ளே மடக்கி விட்டிருக்கும். இப்படி மடக்குகிற மனுஷன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

போன வருஷம் எழுத்து நின்றது. புதுக் கம்பங்களில் ‘கீழே முடிந்தது’ வரவில்லை. வந்த சில இடங்களில் தேதி மட்டும் இருந்தது, கட்டுக்கம்பி நுனிகள் முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பல தெருக்களில் பழைய கம்பம் போகாமல் ஜோடி ஜோடியாக நின்றது. இவருக்கு மூன்று வாரத்தில் ஓய்வு. அதற்குள் அந்த ஆளை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. இந்த வயதில் ஒரு சிநேகிதர் கிடைத்தால் போதும், மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாதாந்திரக் கூட்டத்தில் கம்பத்தைப் பகிரும் கம்பெனிகள் எல்லாம் உட்கார்ந்து, யார் கம்பி எங்கே பாக்கி என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொள்ளும். வழக்கமாக வாயே திறக்காத ‘அளவு’ அன்று டெலிபோன் கம்பெனி மேடத்திடம் போய் நின்றார்.

“மேடம், மேற்குப் பகுதியில முன்னாடி ஒருத்தர் ஏறுவாரே. நுனியை உள்ள மடக்கி விடுவாரு.”

“ஓ, அவரா! முழங்கால் போயிடுச்சு சார். இப்ப கான்ட்ராக்ட் ஆளுங்கதான் ஏறுறாங்க. அவரை ஸ்டோர்ல உட்கார வச்சிருக்கோம். ஏன், ஏதாவது புகாரா?”

“புகாரெல்லாம் இல்ல” என்றார். முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் அந்த ஸ்டோருக்குப் போனார். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, உள்ளே கேபிள் உருளைகள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன் பின்னால் ஒல்லியாக ஒருவர் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு ரசீதுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“நான் கரண்ட் கம்பெனி. மேலே முடிந்ததுன்னு எழுதுவோமே…” என்று இவர் இழுத்தார்.

அவர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு முகம் மலர்ந்து, நீட்டிய காலையும் மறந்து எழுந்திருக்கப் பார்த்தார். “அட, வாங்க வாங்க! உட்காருங்க! எறும்பு, நாய், குளவி! நீங்கதானா அந்தக் கூட்டம்! மத்தவங்க எங்க, வெளிய நிக்கிறாங்களா?” என்று கதவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

மின்சாரக் கம்பெனி என்றால் லாரி நிறைய ஆள் என்பது ஊரறிந்த விஷயம். வளைந்த கம்பத்தில் சாக்பீஸ் எழுத்து யார் எழுதினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; அந்தக் கூட்டம்தான் ஆளுக்கொன்றாக எழுதிவிட்டுப் போகிறது என்று அவர் பதினெட்டு வருஷமாக நினைத்திருக்கிறார். ‘மத்தவங்க யாரும் இல்லீங்க, எல்லாம் நான்தான்’ என்று சொல்ல இவருக்கு ஒரு விநாடி போதும். ஆனால் அந்த மனுஷர் அத்தனை ஆசையாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் ஆளாக, ஒற்றையாக வந்து நிற்பது இவருக்குக் கூச்சமாகப் போயிற்று.

“அவங்களுக்கு வேலை. என்னைப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாங்க” என்றார்.

“அந்த நாய் பத்தி எழுதினது யாரு? சரியான குறும்பன்!”

“அது… எங்க சின்னவன்.”

“நெனச்சேன். குளவிக்கூடு எழுதினவர் பெரியவரா இருப்பாரு, பொறுப்பான மனுஷன்.”

“ஆமா, மேஸ்திரி.”

“எறும்பு?”

“டிரைவர்.”

“அப்ப நீங்க?”

எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுத்தாகிவிட்டது. கையில் ஒன்றும் மிச்சமில்லை. “நான் அளக்கிறவன்” என்றார்.

அந்த மனுஷர் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொல்லி அனுப்பினார். டீ வரும் வரைக்கும் வந்த பிறகும் சிரித்துச் சிரித்துப் பழைய எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட மறக்கவில்லை. பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“குடுத்து வச்சவங்க நீங்க எல்லாம். எங்க கம்பெனியில இந்த வேலைக்கு ஒரு ஏணி, ஒரு ஆளு. நாள் பூரா பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வீட்டுலயும் யாருமில்ல. உங்க எழுத்தைப் படிக்கிறப்ப, இவங்க சேந்து நின்னு பேசிச் சிரிச்சுத்தானே எழுதிருப்பாங்கன்னு பொறாமையா இருக்கும். நெசமாச் சொல்றேன். என்னை மாதிரி ஒத்தை ஆள் எழுதினா ஒரு நாள் தேடிப் போய்ப் பாத்திருப்பேன். பெரிய கூட்டத்துக்குள்ள போய் நான் யாருன்னு சொல்றது? அதான் விட்டுட்டேன்.”

அளவு இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேஸ்திரியையும் டிரைவரையும் சின்னவனையும் இப்போது இல்லை என்று சொன்னால், இத்தனை நேரம் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவன் பொய்யன் என்று ஆகிவிடும். கிளாஸைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். வாசலில் யாரோ ரசீதோடு வந்து நின்றார்கள். இவர் எழுந்துகொண்டார்.

“நான் வரேங்க.”

“அதுக்குள்ளயா? சரி, உங்களுக்காகக் காத்திருப்பாங்க. பாவம், போயிட்டு வாங்க” என்று அந்த மனுஷர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவு வரைக்கும் நொண்டி வந்தார். இவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரையும் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க. ஒருத்தரையும் விட்டுடாதீங்க.”

“சொல்றேன்” என்றார் அளவு.